தாத்தாவின் டிராக்டர்: எதைச் சரிசெய்வது, எதை மாற்றுவது?

கரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "தாத்தா ஓட்டிய மாஸி பெர்குசன் 35, மூன்று சிலிண்டர் டீசல். 14 ஆண்டுகளாகக் கொட்டகையில் நிற்கிறது. என்ஜின் பிடித்துக்கொண்டு அசையவே மாட்டேன் என்கிறது. வேறு என்ஜின் வைத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். என்ன செய்யலாம்?"

தம்பி, அவசரப்பட்டு என்ஜினை மாற்றிவிடாதீர்கள். இந்த வண்டிக்கு லாரியைப் போலத் தனிச் சேசிஸ் கிடையாது. என்ஜின், கியர் பெட்டி, பின் ஆக்சில் மூன்றையும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைத்ததுதான் வண்டியின் முதுகெலும்பு. வேறு என்ஜினைப் பொருத்தினால் முன் ஆக்சில் தாங்கியிலிருந்து கிளட்ச் வரை எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து ஒட்டவைக்க வேண்டியிருக்கும். அப்புறம் அது உங்கள் தாத்தா ஓட்டிய வண்டியாக இருக்காது.

பிடித்துக்கொண்ட என்ஜினை இன்னொரு வண்டியில் கட்டி இழுக்கவே கூடாது. எங்கள் குடும்பத்து வண்டியை அப்படி இழுத்தோம். பிஸ்டன் அசைந்தது, டீசல் பம்ப் உடைந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்றுவரை இருக்கிறது. இந்த வண்டியில் இருப்பது சி.ஏ.வி. நிறுவனத்தின் டி.பி.ஏ. மாடல் ரோட்டரி பம்ப், அதாவது சுழன்று டீசலை அனுப்பும் வகை. அதற்குள் ஓடும் டீசல்தான் அதற்கு எண்ணெய். ஆண்டுக்கணக்கில் நின்றால் டீசல் காய்ந்து பிசினாகி, நூலிழை இடைவெளியில் சுழலும் ரோட்டரைப் பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில் என்ஜினை வலுக்கட்டாயமாகச் சுற்றினால் உள்ளே டிரைவ் முறிந்துவிடும். ஆகவே முதலில் பம்பைக் கழற்றுங்கள். கழற்றும் முன் என்ஜினோடு பொருந்தும் விளிம்பான பிளாஞ்சில், அதே நிலையில் திரும்பப் பொருத்த உதவும் டைமிங் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களே ஒரு கோடு கீறிவிடுங்கள். பம்பைத் திறப்பதை மட்டும் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் டீசல் பம்ப் கடையிடம் விட்டுவிடுங்கள்.

பிறகு டீசலைப் பீய்ச்சும் மூன்று நாசில்களையும் எடுத்துவிட்டு, அந்தத் துளைகள் வழியே டீசலும் என்ஜின் ஆயிலும் பாதிப் பாதியாகக் கலந்து ஊற்றுங்கள். ஒரு வாரம் ஊறட்டும். என்ஜின் மேலிருக்கும் ராக்கர் மூடியைத் திறந்து வால்வுகள் சிக்கியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். பிடித்திருப்பது பிஸ்டனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதன்பின் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கையால் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். பொறுமைக்குத்தான் இங்கே வேலை. அதற்கும் அசையாவிட்டால் சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றுவோம்.

கழற்றியபின் அளக்காமல் ஒரு பொருளும் வாங்காதீர்கள். உங்களுடையது பெர்கின்ஸ் 3.152 என்ஜின் என்றால் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 91.4 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 127 மில்லிமீட்டர். சிலிண்டருக்குள் இருக்கும் லைனர் குழாய்கள் உலர் வகை, அதாவது குளிர்விக்கும் தண்ணீர் நேரடியாகப் படாதவை. அவை வார்ப்பிரும்பா, குரோம் பூசிய மெல்லிய எஃகா என்று பார்க்க வேண்டும். குரோம் லைனரைக் குடைந்து பெரிதாக்கிப் போரிங் செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கில் கீறலோ நீள்வட்டத் தேய்மானமோ இருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டாம். கிரைண்டிங் செய்து, மெலிந்த தண்டுக்குப் பொருந்தும் அண்டர்சைஸ் பேரிங் போட்டால் போதும். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 10, 20, 30 பங்கு என்று மூன்று படிகள் உண்டு. 30-ஐயும் தாண்டித் தேய்ந்திருந்தால்தான் வேறு கிராங்க் தேட வேண்டும். கடைக்குப் போகும்போது என்ஜின் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் வேறு மாடல் உதிரிபாகங்கள் நிறைய உண்டு.

ரப்பரில் சிக்கனம் வேண்டாம். ஆயில் சீல், டீசல் ஹோஸ், ரேடியேட்டர் ஹோஸ், பேன் பெல்ட், பேக்கிங் எல்லாம் புதிதாகவே இருக்கட்டும். கியர் பெட்டி, ஹைட்ராலிக், பின் ஆக்சில் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். அது பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. முழுவதும் வடித்துவிட்டு, உள்ளிருக்கும் ஹைட்ராலிக் லிப்ட் பம்பைச் சுத்தம் செய்யுங்கள்.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பழைய டயனமோவைப் பலர் எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைக்கிறார்கள். பகலில் மட்டும் ஓடும் வண்டிக்கு அது தேவையில்லை. கார்பன் பிரஷ்ஷும் பேரிங்கும் மாற்றினால் டயனமோ இன்னும் வெகுநாள் உழைக்கும். மாற்றியே ஆக வேண்டும் என்றால் பேட்டரியின் எந்த முனை பாடியோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். அதைக் கவனிக்காமல் இணைத்தால் ஆல்டர்னேட்டரின் டயோடு எரிந்துவிடும்.

மட்கார்டும் பானெட்டும் எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள். துருவை வெட்டி ஒட்டுப்போட்டால் போதும். அந்தத் தகடு கையில் தட்டினாலே கனம் தெரியும்.

ஸ்டியரிங் மூட்டு, பிரேக், முன் சக்கர ஹப் பேரிங் மூன்றிலும் பழையதன் மீது பாசம் காட்டாதீர்கள். ஸ்டியரிங் பாகத்தில் வெல்டிங் வைக்க யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது காற்று உள்ளே போகும் குழாயை மூட ஒரு தட்டைப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பம்ப் சிக்கி என்ஜின் தறிகெட்டு ஓடினால் நிறுத்த அதுதான் வழி.

கிராங்கை மைக்ரோமீட்டரில் அளந்ததும் எண்களை அனுப்புங்கள் தம்பி. எந்த அண்டர்சைஸ் என்று சொல்கிறேன்.