கசப்பு யார்மேல்?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்பர்களே, தூறலையும் பார்க்காமல் வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘பிட்டர்லி’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் தர ‘கசப்பாக’ என்ற ஒரு சொல் போதுமா, இடத்துக்கு இடம் சொல் மாற வேண்டுமா என்பதுதான் இன்றைய வழக்கு. மாறியே ஆக வேண்டும் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழர், “கசப்பு எல்லார் நாக்கிலும் ஒன்றுதான். மூலத்தில் கசப்பு இருந்தால் தமிழிலும் கசப்பு இருக்கட்டும், மொழிபெயர்க்கிறவர் அதில் கைவைக்க வேண்டாம்” என்றார். நாக்கு என்று அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இருபது வருடமாக ஆங்கிலப் பாடம் நடத்துகிறேன். பாகற்காய் கசக்கிறது என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், வகுப்பில் நாலு பேராவது ‘டேஸ்ட்ஸ் பிட்டர்லி’ என்று எழுதுவார்கள். வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் ‘லி’ சேர்க்க வேண்டும் என்று நாங்கள்தானே சொல்லிக் கொடுத்தோம்! ஆனால் அங்கே ‘டேஸ்ட்ஸ் பிட்டர்’ என்பதுதான் சரி. கசப்பு பாகற்காயின் குணம், ஆகவே பெயரடை வரும். ‘லி’ சேர்ந்துவிட்டால் அந்தச் சொல் பெரும்பாலும் நாக்கை விட்டே இறங்கிவிடுகிறது. அழுகைக்கு வரும், ஏமாற்றத்துக்கு வரும், புகாருக்கு, எதிர்ப்புக்கு, குளிருக்கு வரும். நாம் வாயில் போடும் எதற்கும் அநேகமாக வராது. சுவையைச் சொல்லவே வராத சொல்லுக்கு ஒரு சுவைச் சொல்லை மட்டும் துணைக்கு அனுப்புவது என்ன நியாயம், நடுவர் அவர்களே?

குளிர் என்றேன். ‘பிட்டர்லி கோல்ட்’ என்பதற்கு ஒரு மாணவி ‘கசப்பாகக் குளிர்ந்தது’ என்று எழுதிவிட்டு, நோட்டைக் கொடுக்கும்போதே கேட்டாள்: “டீச்சர், குளிரை எப்படி நாக்குல வச்சுப் பாத்தாங்க?” நான் பூரித்துப் போனேன். அகராதியை நம்பி எழுதியவள், தன் தமிழை நம்பிக் கேள்வி கேட்கிறாள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லின் வேரில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘பிட்டர்’ என்ற சொல்லும் கடிப்பதைக் குறிக்கும் ‘பைட்’ என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று சொல்லாராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். பட்டதும் சுருக்கென்று கடிப்பது எதுவோ அதுதான் முதலில் ‘பிட்டர்’. அப்படியானால் அந்தக் குளிர் கசக்கவில்லை, கடிக்கிறது. நம் ஊரில் இதற்குச் சொல் இல்லையா? எலும்பைத் துளைக்கிற குளிர் என்கிறோம், பல் கிட்டிப்போகிற குளிர் என்கிறோம், ஒரே சொல்லில் கேட்டால் கடுங்குளிர் என்கிறோம்.

அதற்காக ‘மிகவும்’ என்று போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்று யாராவது நினைத்தால் அதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தாலும் ஆங்கிலத்தில் ‘பிட்டர்லி ஹாட்’ என்று சொல்வதில்லை. எவ்வளவு சந்தோஷமாக இருந்தாலும் அந்தச் சொல் சந்தோஷத்தோடு ஒட்டாது. நோகிற இடத்தில்தான் அது வரும். ‘மிகவும்’ என்று போட்டால் அளவு கிடைக்கும், நோவு போய்விடும்.

இப்போது நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு அம்மாச்சி. பேரன் டொரொண்டோவில் பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசினால் பாதி புரியும், எழுத வராது. தாத்தா இறந்தபோது அவனால் வர முடியவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, வாட்ஸ்அப்பில் நீளமாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். அம்மாச்சி போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொன்னேன். ‘ஐ பிட்டர்லி ரிக்ரெட்’ என்று ஒரு வரி. யோசிக்காமல், “வராம இருந்ததை நெனச்சு கசப்போட வருத்தப்படுறானாம் அம்மாச்சி” என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. “கசப்பா? யாரு மேல கசப்பு அவனுக்கு? நாங்க என்ன பண்ணோம்?” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தமிழில் கசப்பு என்று சொன்னால், யார்மேல் என்ற கேள்வி கூடவே வந்து நிற்கிறது. அண்ணன் தம்பிக்குள் மனக்கசப்பு, சம்பந்திகளுக்குள் மனக்கசப்பு என்றுதானே அந்தச் சொல்லை வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறார் அவர்! பேரன் தன்னைத்தானே நொந்துகொண்டு எழுதியதை, அவன் பாட்டிமேல் மனத்தாங்கலோடு எழுதியதாக மாற்றிவிட்டேன். சொல்லுக்குச் சொல் சரி, சேதி தலைகீழ். உடனே, “அப்படி இல்ல அம்மாச்சி, வராமப் போயிட்டோமேன்னு அவனுக்கு நெஞ்சு கெடந்து அறுக்குதாம்” என்றேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆமா, அவன் தாத்தா புள்ள” என்றார்.

எதிரணித் தோழர் ஒரு பலமான சான்று வைத்தார். இயேசுவின் சீடன் பேதுரு, அவரைத் தெரியாது என்று மறுதலித்த பிறகு அழுத இடம். ஆங்கில வேதாகமத்தில், 1611-இல் வெளிவந்த பதிப்பிலேயே, அங்கே ‘பிட்டர்லி’ இருக்கிறது. தமிழில் இன்றும் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பில் “மனங்கசந்து அழுதான்” என்று இருக்கிறது. “கசப்பு அப்படியே வந்துவிட்டதே” என்றார். எனக்கும் மிகப் பிடித்த வரி அது. ஆனால் அதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். ‘கசப்பாக அழுதான்’ என்றா எழுதினார்கள்? கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்குக் கூர்மை, கசப்பு இரண்டும் பொருள். அங்கே ‘மனம்’ என்று ஒரு சொல் கிடையாது. தமிழில் தந்தவர்கள் அதைச் சேர்த்தார்கள். கசந்தது அவன் மனம், வேறு யார்மேலும் இல்லை என்று கசப்புக்கு ஓர் இடம் காட்டினார்கள். என் அம்மாச்சிக்கு நான் செய்யத் தவறியது அதுதான்.

அதே வேதாகமத்தில் வரும் ரூத்தின் கதையையும் பாருங்கள். ரூத்தின் மாமியார் நகோமி, மோவாப் தேசத்தில் கணவனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்துவிட்டுப் பெத்லகேமுக்குத் திரும்பி வருகிறாள். நகோமி என்றால் இனிமை. அந்தப் பெயரே வேண்டாம், மாராள் என்று கூப்பிடுங்கள் என்கிறாள். மாராள் என்றால் கசப்பு. கடவுள் தன்னை நடத்திய விதத்தைச் சொல்லும்போது, அதே ஆங்கிலப் பதிப்பில் அதே ‘பிட்டர்லி’ வருகிறது. தமிழில்? “மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார்.” வினையடையே காணோம், பெயர்ச்சொல்லாக மாறி நிற்கிறது. பேதுருவுக்கு ஒரு விதம், நகோமிக்கு ஒரு விதம். ‘ஒரே சொல் போதும்’ என்பதற்குச் சான்றாக இந்தப் புத்தகத்தையா கொண்டுவருவது?

அடுத்துப் பேச வரும் எதிரணித் தலைவர் மூன்று வாக்கியங்களுக்குப் பதில் சொல்லட்டும். தேர்தலில் இரு தரப்பும் ‘பிட்டர்லி’ மோதிக்கொண்டார்கள். வேலை போனவர் ‘பிட்டர்லி’ சிரித்தார். பென்ஷன் வராத முதியவர் ‘பிட்டர்லி’ முறையிட்டார். நான் கடுமையாக மோதிக்கொண்டார்கள் என்பேன், விரக்தியாகச் சிரித்தார் என்பேன், மனம் குமுறி முறையிட்டார் என்பேன். அவர் மூன்றையும் ‘கசப்பாக’ என்றே சொல்லி முடித்துவிட்டு, முன்வரிசையில் இருக்கும் தாய்மார்களிடம் என்ன புரிந்தது என்று கேட்கட்டும்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.