உலை கொதிக்கட்டும், நடுவர் அவர்களே

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணிப் பெரியவர்களே, பந்தல் நிறைந்து ரோடு வரைக்கும் நின்று கேட்கும் காரைக்குடிப் பெருமக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

"ஒருமுறை ஏமாற்றிய ஊருக்கு மறுமுறை போவது வீண் செலவா, நல்ல வாய்ப்பா?" இதுதான் இன்றைய தலைப்பு. நல்ல வாய்ப்பு என்று பேச வந்திருக்கிறேன். பட்டிமன்றத்தைச் சாதாரண மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததில் குன்றக்குடி அடிகளாருக்குப் பெரிய பங்கு உண்டு. அவருடைய மடம் இங்கிருந்து கூப்பிடு தூரம். இந்த வட்டாரத்தில் மேடையேறிவிட்டு மறைத்துப் பேசக்கூடாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை ஏமாற்றிய ஊர் வேறு எதுவும் இல்லை, உங்கள் செட்டிநாடுதான்.

நான் கும்பகோணத்துக்காரி. வாய்க்காலும் வயலும் பார்த்தே வளர்ந்தவள். பத்து வருஷத்துக்கு முன்னால், அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம், இருபது பேர் வேன் பிடித்து வந்தோம். கானாடுகாத்தானில் இறங்கும்போது மணி பன்னிரண்டரை. தெருவில் ஒரு காக்கை கூட இல்லை. 1912இல் கட்டி முடித்த அரண்மனை என்று வண்டியிலேயே சொல்லி ஆசை காட்டியிருந்தார்கள். போனால் கதவு சாத்தியிருந்தது. வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டோம். அடுத்த வீடு பூட்டு. அதற்கடுத்த வீடும் பூட்டு. ஆத்தங்குடிக்குப் போய், தரையில் பதிக்கிற பூக்கல் செய்வதைப் பார்க்கலாம் என்றார்கள். அங்கே சாம்பல் நிறத்தில் சிமெண்டுப் பலகைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. வேலை செய்கிறவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மதியம் ஒரு கடையில் சாப்பாடு. செக்கச்செவேல் என்று ஒரு கோழிக் குழம்பு, நாக்கு இரண்டு நாளைக்கு எரிந்தது. செம்மண், வேலிக்கருவை, பூட்டு, காரம். செட்டிநாடு இவ்வளவுதான் என்று முடிவு கட்டிக்கொண்டு ஊர் திரும்பினேன். எட்டு வருஷம் யார் கேட்டாலும் அதையேதான் சொன்னேன்.

எதிரணியில் முதலில் பேசிய ஐயா, "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், ஊரைப் பார்க்க ஒரு தடவை போதும்" என்றார்கள். நீங்களும் கை தட்டினீர்கள். சரி, இங்கே இருக்கிற தாய்மார்களைக் கேட்கிறேன். உலையிலிருந்து ஒரு பருக்கை எடுத்து நசுக்கிப் பார்க்கிறீர்கள். நடுவில் நறுக்கென்று இருக்கிறது. என்ன செய்வீர்கள்? இந்த அரிசி உதவாது என்று பானையைக் கவிழ்ப்பீர்களா? இரண்டு நிமிஷம் விட்டு இன்னொரு பருக்கை எடுத்துப் பார்ப்பீர்கள். சமைக்கிற யாரும் ஒரே ஒரு பருக்கையோடு நிறுத்துவதில்லை, நடுவர் அவர்களே. அந்தப் பழமொழியே என் கட்சிதான்.

நான் மறுபடி வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால், தைப் பொங்கல் கழிந்து வருகிற செவ்வாய்க்கிழமை. கூட வேலை பார்க்கிற ஒரு தோழி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். நாட்டரசன்கோட்டையில் கண்ணாத்தாள் கோயில் செவ்வாய்ப் பொங்கல். உங்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எந்தெந்த ஊரிலோ, எந்தெந்த நாட்டிலோ இருக்கிற நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், வந்து சேருகிறார்கள். சீட்டு எடுத்து, அதில் வந்த வரிசைப்படி பானை ஏறுகிறது. கோயில் முன்னால் நூற்றுக்கணக்கான பானைகள், ஒரே புகை, ஒரே குலவை. அப்புறம் தெருவுக்குள் போனால், பூட்டுத் தொங்கும் என்று நினைத்த வீடுகள் வாசல் தெளித்து, கோலம் போட்டுத் திறந்து கிடந்தன.

தோழியின் உறவில் ஓர் ஆச்சி. வயது எண்பதுக்கு மேல். திண்ணையில் நின்று பார்த்தால் முகப்பு, வளவு என்கிற நடு முற்றம், இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு எல்லாம் தாண்டி, பின்வாசல் வழியாக அடுத்த தெருவில் போகிற சைக்கிள் தெரிகிறது. ஒரு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது! ஆச்சி என் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தார்கள். கண்ணாடி மாதிரி வழவழப்பு, குளுமை. சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசித் தேய்த்த சுவர். முதல் தடவை வந்தபோது இப்படிப்பட்ட சுவர்களுக்கு வெளியே வெயிலில் நின்றுவிட்டுப் போயிருக்கிறேன்.

வளவைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். அதிலும் பாதி பூட்டு. என் மனசில் இருந்ததைக் கேட்டேவிட்டேன். "ஏன் ஆச்சி, இங்கேயும் பூட்டா?" ஆச்சி சொன்னார்கள்: "பூட்டைப் பார்த்துட்டுப் போனவுகதான் நெறைய. இந்தப் பூட்டு இல்லேன்னா வீடே நின்னிருக்காதுத்தா."

அதன் அர்த்தத்தை அவர்களே விளக்கினார்கள். கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனுக்கும் வளவில் ஓர் அறை. கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் கோயில் கணக்கில் ஒரு புள்ளி. வட்டிக்கடை வைக்கப் பர்மா, மலேயா, இலங்கை என்று போனார்கள். வீட்டுத் தூணுக்கான பர்மாத் தேக்கு அவர்கள் போய்வந்த கப்பலில் வந்ததுதான். 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது கொடுத்த கடனையும் நிலத்தையும் போட்டது போட்டபடி விட்டு நடந்தே வந்தவர்கள் உண்டு. பணம் போனது, வீடு மிஞ்சியது. பிறகு பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். ஒரு வீட்டுக்கு இருபது பங்காளி, முப்பது பங்காளி. ஒருவர் நினைத்தால் விற்க முடியாது, எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். அவரவர் சாவி அவரவரிடம். கல்யாணம், முன்னோருக்குப் படைக்கிற படைப்பு என்றால் எல்லாரும் வந்து திறக்கிறார்கள். தேக்குத் தூணுக்கு ஆசைப்பட்டு இடித்து விற்ற வீடுகளும் உண்டு. அந்தத் தூண்களை இங்கே முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பார்க்கும்போது வயிறு எரிகிறது. பூட்டிய வீடு என்றால் பங்காளிகள் இன்னும் விட்டுக்கொடுக்காத வீடு என்று அர்த்தம். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டாம் பயணம் தேவைப்பட்டது.

மறுநாள் காலை ஆத்தங்குடி. இந்த முறை ஆள் இருந்தார். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவத்தில் அச்சு. சின்னக் கரண்டியால் மஞ்சள், பச்சை, சிவப்பு என்று ஒவ்வொரு இதழிலும் நிறக் குழம்பை ஊற்றுகிறார். அச்சை மூச்சுப் பிடித்துத் தூக்குகிறார். மேலே சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தூவி, அப்புறம் சாந்தைப் போட்டு அழுத்தி மட்டம் செய்கிறார். பூ மறைந்துவிட்டது. மேலே தெரிவது சாம்பல் முதுகு. முகம் கீழே, கண்ணாடியை ஒட்டி இருக்கிறது. இதற்குச் சூளை கிடையாது. காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். ஊறி எடுத்த கல் ஒன்றை அவர் என் முன்னால் திருப்பிக் கண்ணாடியைக் கழற்றினார். பளீர் என்று பூ! எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் பார்த்துவிட்டுப் போன "சிமெண்டுப் பலகை" இதுதான், நடுவர் அவர்களே. நான் முதுகைப் பார்த்துவிட்டு முகம் சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். இந்தக் கல் வீட்டில் பதித்த பிறகும் நடக்க நடக்கத்தான் மினுமினுப்பு ஏறும் என்றார் அவர்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆச்சி வீட்டில் வெள்ளைப் பணியாரம், கும்மாயம், கவுனி அரிசி. குழம்பில் கல்பாசியும் அன்னாசிப்பூவும் மணந்தன, காரம் அளவாக இருந்தது. நாக்கை எரித்தது அந்தக் கடையின் கைப்பக்குவம். பழியை நான் ஒரு நாட்டின் மேலேயே போட்டிருந்தேன்.

எதிரணி அம்மா ஒருவர், "பார்க்காத ஊர் ஆயிரம் இருக்க, பணத்தைக் கொட்டிப் பார்த்த ஊருக்கே ஏன் போக வேண்டும்?" என்றார்கள். நியாயமான கேள்விதான். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் போகிறவர்களுக்கு அது வலிக்கிற கேள்வியும்கூட. ஆனால் அம்மா, பங்குனியில் குற்றாலம் போய்ப் பாறையைப் பார்த்தவரும், மே மாதம் வேடந்தாங்கல் போய்க் காலிக் கிளையைப் பார்த்தவரும் அந்த ஊர்களைப் பார்த்தவர்கள் கணக்கில் வருவார்களா? சாரல் ஆனியில் வரும், பறவை மார்கழியில் நிறையும். மாதம் மாறிப் போனவருக்கு அவை இன்னும் பார்க்காத ஊர்கள்தான். உங்கள் ஆயிரத்தோடு அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே மாதம், அதே வேன், அதே அவசரத்தில் மறுபடி போகச் சொல்லி நான் கேட்கவில்லை. ஒரு ராத்திரி தங்குங்கள். அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் பேசுங்கள். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன்.

மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு விஷயம். முதலில் பேசிய ஐயா, திருமயம் போய் "மொட்டைப் பாறையும் மதிலும் தவிர ஒன்றுமில்லை" என்று திரும்பியதாகச் சொன்னார்கள். போனது மதியம் ஒரு மணி என்றும் சொன்னார்கள். ஐயா, 1687இல் சேதுபதி கட்டிய அந்தக் கோட்டையின் மலையடிவாரத்திலேயே பாறையைக் குடைந்த இரண்டு கோயில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் சிவன், ஒன்றில் பள்ளிகொண்ட பெருமாள். அந்தப் பெருமாளை ஒரு பார்வையில் அடக்க முடியாது, தலையிலிருந்து பாதம் வரை கண்ணை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். நீங்கள் போன நேரத்தில் நடை சாத்தியிருப்பார்கள். இன்று ராத்திரி நீங்களும் காரைக்குடியில்தானே தங்குகிறீர்கள்? காலையில் ஏழு மணிக்கு வண்டி சொல்லியிருக்கிறேன். வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம். நடுவர் ஐயாவும் வருவதாக இருந்தால் இடம் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.