ஔவையின் பட்டியலில் இல்லாத ஒன்று

தலைவர் அவர்களே, விளக்கேற்றி வைத்த ஒன்றியக் குழுத் தலைவர் அவர்களே, பந்தல் செலவை ஏற்ற அரிசி ஆலை அதிபர் அவர்களே, தூறலிலும் வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். பொன்னாடை வேண்டாம், புத்தகம் கொடுங்கள் என்றேன்; பொன்னாடையே வந்தது. அதற்கும் நன்றி.

வங்கப் பஞ்ச ஓவியம், பிரெஞ்சு ஓவியர் மில்லே, நம் பள்ளி ஓவிய வகுப்பு என்று மூன்று செய்தி சொல்ல வந்தேன்.

பசி வந்தால் பத்தும் பறந்து போகும். 1943இல் வங்கத்தில் சுமார் 30 லட்சம் பேர் மாண்டார்கள். நெல் விளைவித்தவர்களே கல்கத்தாத் தெருவுக்கு வந்து, சோறு கூட அல்ல, வடிகஞ்சி கேட்டார்கள். முப்பது வயது நிரம்பாத ஓவிய ஆசிரியர் ஜைனுல் ஆபிதீன், மட்டமான தாளில் கறுப்பு மையால் அவர்களை வரைந்தார். மேதினிப்பூர் கிராமங்களில் நடந்தே வரைந்த சித்தபிரசாத்தின் நூலை வெள்ளை அரசு பறிமுதல் செய்து கொளுத்தியது.

ஜைனுல் வரைந்த, தாயும் பிள்ளையும் இருக்கும் படம் ஒன்றை எங்கள் பெரியம்மாவிடம் காட்டினேன். நாற்று நட்டே முதுகு வளைந்தவர். கண்ணாடியைத் தேடினார், காணோம். பேத்தியின் கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டார். நடுவில் மாடு கத்தியது. போய்த் தண்ணீர் காட்டிவிட்டு வந்தார். "யாருடா இவ?" வங்காளத்துக்காரி என்றேன். "எந்த ஊரா இருந்தா என்ன? இவளுக்கே தெம்பில்ல, புள்ளைய விட்டாளா பாரு" என்றார். அப்புறம் தன் கதை. களையெடுக்கும்போது வேப்பமரத்தில் தூளி. பிள்ளை அழும். வரப்பில் ஆள் நிற்பதால் போக முடியாது. பால் கட்டி ரவிக்கை நனையும். "அழுகைகூடப் பரவால்லடா, சத்தம் நின்னாத்தான் பக்குனு இருக்கும்" என்றார்.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்கிறோமே, எந்தப் பத்து? மானம், குலம், கல்வி என்று தொடங்கி மோகம் வரை ஔவை நல்வழியில் எண்ணிச் சொல்கிறார். தாய்மை அதில் இல்லை! அந்தப் பஞ்சத்தில் பிள்ளையை விற்றவர்களும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் ஜைனுலின் கோட்டில் நான் பார்ப்பது பிடி விடாத கை.

சரி, அந்தத் தூளிக்கு வருகிறேன். 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டத்தில், வேலைத்தளத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் வந்தாலே, பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைச் சம்பளத்தோடு அமர்த்த வேண்டும் என்று எழுதினார்கள். நான் போன ஒரு தளத்தில் ஒன்பது பிள்ளைகள், வெயிலில். கேட்டால், "அதெல்லாம் பேப்பர்ல இருக்குங்க" என்றார்கள். வயலானாலும் ஏரிக்கரையானாலும் பிள்ளைக்கு நிழலும் ஆளும் வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறோம்.

மைக் தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். மில்லேயும் பள்ளி ஓவிய வகுப்பும் அடுத்த கூட்டத்தில். மனு நோட்டு வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டியிருக்கிறோம், கையோடு கொண்டுபோய்விடாதீர்கள்.