பல்லும் கொம்பும்

நேயர்களுக்கு வணக்கம். பழமொழி ஒன்றைப் பற்றிப் பேச வாருங்கள் என்று கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் தமிழ் படிப்பித்தவன் அல்ல. வன்னியில் கால்நடைத் துறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பிறகுதான் எந்தப் பழமொழி என்று சொன்னார்கள்: 'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே.' அப்படியென்றால் வருகிறேன் என்றேன். மாட்டு வாயைத் திறந்து பார்த்தே சோறு தின்றவன் அல்லவா?

எல்லாரும் சொல்கிறோம். பல்லில் அப்படி என்ன இருக்கிறது என்று பேரப்பிள்ளை கேட்டால் முழிக்கிறோம். மாட்டுக்கு மேல்வாயின் முன்பக்கம் பல்லே கிடையாது, தடித்த முரசுதான். கீழே எட்டுப் பல். கன்றுக்கு அவை பாற்பல், சின்னஞ்சிறிசு. ஏறக்குறைய 2 வயதில் நடுவில் உள்ள இரண்டும் விழுந்து, அகலமான இரண்டு முளைக்கும். அதுதான் 'ரெண்டு பல்லு'. பிறகு நாலு பல்லு, ஆறு பல்லு. 4, 5 வயதளவில் எட்டும் நிரம்பினால் 'கடை சேர்ந்திட்டுது' என்பார்கள். அதற்கு மேல் முளைக்க ஒன்றுமில்லை, தேய்வதுதான். பல்லுக்குப் பல் இடைவெளி விழும். கடைசியில் குட்டைக் கட்டைகளாக நிற்கும். விற்கிறவர் வயதை எவ்வளவு குறைத்துச் சொன்னாலும், வாங்குகிறவர் கீழுதட்டைப் பெருவிரலால் இழுத்துப் பார்த்தால் கதை முடிந்தது. காசு கொடுத்து வாங்கும்போது இது கெட்டித்தனம். சும்மா தந்தவர் முன்னால் செய்தால், 'நீ எனக்குக் கழிசலைத்தான் தந்திருப்பாய்' என்று சொன்ன மாதிரி.

ஐரோப்பாவில் இதையே குதிரைக்குச் சொல்கிறார்கள். 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புனித ஜெரோம், விவிலியத்தில் உள்ள எபேசியர் திருமுகத்துக்கு இலத்தீனில் எழுதிய விளக்கவுரையின் முன்னுரையிலே, தன் எழுத்தைக் குறை சொன்னவர்களுக்குப் பதிலாக இதை எடுத்து விடுகிறார். அப்போதே அது ஊர்வாயில் கிடந்த பழமொழி என்றும் சொல்லிவிடுகிறார். குதிரைக்கு வயது போகப் போகப் பல் நீண்டு தெரியும். அவரவர் முற்றத்தில் எது நிற்கிறதோ அதன் வாய்தான் பழமொழிக்குள் வரும்.

ஆனால் எனக்கு இந்தப் பழமொழியில் ஒரு மனக்குறை உண்டு. வாங்குகிறவனுக்கு மட்டும் புத்தி சொல்கிறது. கொடுக்கிறவனுக்கு? ஜெரோமுக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய கடோபநிடதத்தில் நசிகேதன் என்ற பையன் வருகிறான். தந்தை வேள்வி முடித்து மாடுகளைத் தானம் கொடுக்கிறார். பையன் பார்க்கிறான்: தண்ணீர் குடித்து முடித்த மாடு, புல் தின்று முடித்த மாடு, பால் கறந்து முடித்த மாடு. இனி ஒன்றுக்கும் ஏலாத கிழடுகள். இப்படிக் கொடுப்பவருக்கு மகிழ்ச்சியில்லாத உலகம்தான் கிடைக்கும் என்று அவனுக்கு மனம் கலங்குகிறது. பல்லைப் பிடித்துப் பார்த்தவன் கொடுத்தவரின் சொந்தப் பிள்ளை!

நானும் ஒருமுறை கொடுக்கும் பக்கத்தில் நின்றேன். மீள்குடியேற்றம் நடந்த காலம். ஒரு நிறுவனம் வாழ்வாதார உதவியாகப் பசுமாடு கொடுத்தது. பல்லைப் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டியவன் நான். லொறி வந்து சேர இருட்டிவிட்டது. டோர்ச் வெளிச்சத்தில் நாலைந்து வாயைத் திறந்து பார்த்தேன். மிச்சமும் இப்படித்தான் இருக்கும் என்று கையெழுத்து வைத்தேன். மறுநாள் பொதுநோக்கு மண்டபத்தில் பதாகை, மாலை, படப்பிடிப்பு.

வரிசையில் ஒரு அம்மா. 2009க்கு முதல் அறுபது மாடு நின்ற பட்டிக்காரி. இடம்பெயரும்போது எல்லாவற்றையும் கட்டவிழ்த்து விட்டுவிட்டு நடந்தவர். அவருக்கு இப்போது ஒரு மாடு. கயிற்றை வாங்கினார். கை பழக்கத்தில் மாட்டின் தாடைக்குப் போனது. பாதியில் நின்று, கீழே இறங்கி, அலைதாடியைத் தடவிக்கொடுத்தது. படம் எடுக்கச் சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தார்.

அடுத்த கிழமை வீட்டுக்குப் போனேன். மாடு பூவரச நிழலில் படுத்திருந்தது. கீழுதட்டை இழுத்தேன். எட்டும் கட்டை.

"அம்மா, மாறி வந்திட்டுது. அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?"

"ஏழு கண்டு போட்டது தம்பி. அண்டைக்கே தெரியும்."

"நீங்கள் வாயைத் திறக்கவே இல்லையே?"

அம்மா மாட்டின் கொம்பைப் பிடித்துக் காட்டினார். அடிக்கொம்பில் வளையம் வளையமாக வரி. கன்றுக்கு ஒன்று என்று கணக்கு. படிப்பில் நானும் படித்ததுதான். இருட்டில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

"பல்லைப் பாக்கக் கூடாது எண்டுதானே சொல்லியிருக்கு," என்றார். "கொம்பை எண்ணக் கூடாது எண்டு ஆரும் சொல்லேல்லையே."

மாற்றித்தரக் கடிதம் எழுதட்டோ என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "முகம் பழகிப் போச்சு. சாணிக்காவது நிக்கட்டும்."

நன்றி, வணக்கம்.