வலி நின்ற பல்

வணக்கம் நேயர்களே. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில் பல் மருத்துவம் பார்க்கிறேன். "ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை டாக்டர்" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருபவரைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு கவலை வராது. "போன மாசம் உயிர் போச்சு, இப்ப தானா சரியாயிடுச்சு" என்று சிரித்தபடி வருகிறாரே, அவர் வாயைத்தான் முதலில் திறந்து பார்ப்பேன்.

பல்லுக்குள் ஒரு சின்ன அறை இருக்கிறது. நரம்பும் ரத்தக் குழாயும் அதில்தான் ஓடுகின்றன. சொத்தை ஆழமாகி அந்த அறையைத் தொட்டுவிட்டால் கிருமி உள்ளே போய்விடும். உடம்பில் வேறெங்கே கிருமி புகுந்தாலும் அந்த இடம் வீங்கும். பல்லுக்குள் வீங்க ஏது இடம்? சுற்றிலும் கல் சுவர். அழுத்தம் ஏறி நரம்பை நெரிக்கிறது. படுத்தால் தலைப்பக்கம் ரத்தம் கூடுவதால் ராத்திரியில் விண்விண்ணென்று தெறிக்கும். சில நாளில் அந்த நரம்பே செத்துப்போகும். செத்த நரம்புக்கு வலி ஏது? நாம் கிராம்பு வேலை செய்தது என்று நினைத்துக்கொள்கிறோம். கிருமியோ வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டிக்கொண்டிருக்கும்.

கிராம்பைக் குறை சொல்லவில்லை. அதில் யூஜினால் என்ற பொருள் இருக்கிறது, மரத்துப்போகச் செய்யும். நாங்களே தற்காலிகமாகப் பல் அடைக்க அதைப் பயன்படுத்துகிறோம். ஆனால் வேர் நுனியில் இருக்கும் சீழை அது எட்டாது.

ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான். போன தடவை மிச்சம் வைத்த மாத்திரை, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த மாத்திரை என்று போடுகிறார்கள். மாத்திரை ரத்தத்தோடுதான் பயணம் செய்யும். செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே இல்லையே! வீக்கம் வடியும், பிறகு திரும்பி வரும். வேரைச் சுத்தம் செய்து அடைக்க வேண்டும், அல்லது பல்லைப் பிடுங்க வேண்டும், சீழ் இருந்தால் கீறி வெளியேற்ற வேண்டும். கிருமி பரவிக் காய்ச்சல் வந்தால் அதோடு சேர்த்து மாத்திரையும் தருவோம். அப்புறம், "வீக்கம் வற்றிய பிறகுதான் பல்லைப் பிடுங்கணும்" என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. பெரும்பாலும் காத்திருக்கத் தேவையில்லை. வீக்கத்தோடேயே வாருங்கள்.

பக்கத்து ஊரான பிறையிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். கீழ்க் கடைவாய்ப் பல். மூன்று வாரம் முன்பு வலித்து, நின்றுபோன பல்தான். அன்று அவரால் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாயைத் திறக்க முடிந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் கைத்துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். வாய் நிறைய வெற்றிலைச் சாறை வைத்துக்கொண்டு பேசுவது போலிருந்தது குரல். தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் பலகை மாதிரி இறுகியிருந்தது. நாற்காலியில் சாய்க்கக்கூட இல்லை, நேராக ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் 1836-லேயே விவரித்த நோய் இது. நாக்கு மேலே தள்ளப்பட்டு மூச்சுக்குழல் அடைபடும். கழுத்தைக் கீறிச் சீழை எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். இப்படி விழுங்க முடியாமல், குரல் மாறி, மூச்சு முட்டினால் கிளினிக்கில் எண் எடுத்து உட்காராதீர்கள். 999-க்கு அழையுங்கள்.

அவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், இருந்ததும் ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு அது இருப்பதாக 2023 தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. சர்க்கரை ஏறினால் ஈறு சீக்கிரம் கெடும். ஈறில் சீழ் இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வராது. சர்க்கரைக்கு மருந்து வாங்கப் போகும்போது பல்லையும் காட்டிவிட்டு வருவது பெரிய வேலையா?

வாயில் வெள்ளையாகப் படிந்து, துடைத்தால் உரிந்து வருவது பூஞ்சை. கட்டுப்பல்லை ராத்திரி கழற்றாமல் தூங்குபவர்களுக்கும், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு பம்ப் அடித்துவிட்டு வாய் கொப்பளிக்காதவர்களுக்கும் வரும். அதற்குத் தனி மருந்து உண்டு, எளிதில் தீரும்.

துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, 2 வாரம் தாண்டியும் ஆறாத புண் ஆகியவை வேறு கதை. இந்த நாட்டில் வாய்ப் புற்றுநோய் நம் இந்திய சமூகத்தில்தான் அதிகம், பெண்களிடம் குறிப்பாக. காரணங்களில் முக்கியமானது வெற்றிலை பாக்கு. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும். பாட்டி வழக்கமாக எந்தக் கன்னத்தில் அதை ஒதுக்கிவைப்பார் என்று உங்களுக்குத் தெரியும். இன்று ராத்திரி டார்ச்சடித்து அந்தப் பக்கம் பாருங்கள். வலிக்கவில்லை என்றுதான் சொல்வார். ஆரம்பத்தில் வலிக்காது.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. வணக்கம்.