லாக்கைச் சுருக்கும் முன் அடைப்புக்குறிக்குள் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கணக்கைச் சேர்ந்தே போடுவோம்.

மடக்கை, அதாவது லாக், வேறொன்றுமில்லை, அடுக்குதான். 100 என்பது 10-இன் 2ஆம் அடுக்கு. ஆகவே 10 அடிமானத்தில் லாக் 100-இன் மதிப்பு 2. அதேபோல் லாக் 1000-இன் மதிப்பு 3. நூறையும் ஆயிரத்தையும் பெருக்கினால் ஒரு லட்சம். அதன் லாக் 5. எண்களைப் பெருக்கும்போது அடுக்குகள் கூடுகின்றன, வகுக்கும்போது கழிகின்றன. விதிகள் எல்லாம் இதிலிருந்தே வருகின்றன.

கணக்கு இது: 2 லாக் 6, கூட்டல் லாக் 50, கழித்தல் லாக் 18. அடிமானம் 10.

முன்னால் நிற்கும் 2-ஐ முதலில் அடுக்காக மேலே ஏற்றுங்கள். 6-இன் வர்க்கம் 36, ஆக லாக் 36. இதைச் செய்யாமல் 6-ஐயும் 50-ஐயும் பெருக்கி '2 லாக் 300' என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அந்த 2, லாக் 6-க்கு மட்டுமே உரியது. லாக் 50-க்கு அதில் பங்கில்லை. இப்போது 36-ஐ 50-ஆல் பெருக்கினால் 1800. அதை 18-ஆல் வகுத்தால் 100. லாக் 100, விடை 2.

இதையே நான்கு இலக்க மடக்கை அட்டவணையில் பார்த்துப் போட்டால் என்ன வரும்? லாக் 6, 0.7782, இருமடங்கு 1.5564. லாக் 50-இன் 1.6990-ஐக் கூட்டி, லாக் 18-இன் 1.2553-ஐக் கழித்தால் 2.0001. அந்தக் கடைசி 1, முழுமையாக்கலில் வந்த பிழை. விதிப்படி சுருக்கினால் அது வராது. அட்டவணையைக் கடைசியில் திறவுங்கள்.

அதிகம் மதிப்பெண் போகும் இடம் வேறு. லாக் அடைப்புக்குறிக்குள் 'ஏ கூட்டல் பி' இருந்தால் அதைப் பிரிக்க விதியே கிடையாது. 1614-இல் ஜான் நேப்பியர் மடக்கையை வெளியிட்டது பெருக்கலைக் கூட்டலாக்கத்தான். 2-உம் 3-உம் கூடினால் 5, அதன் லாக் 0.6990. லாக் 2-ஐயும் லாக் 3-ஐயும் கூட்டினால் 0.7782. அது 6-இன் லாக்!

வகுத்தலிலும் இதே குழப்பம் உண்டு. லாக் 8-ஐ லாக் 2-ஆல் வகுத்தால் 3. லாக் 8-இலிருந்து லாக் 2-ஐக் கழித்தால் லாக் 4, அதாவது 0.6021. முன்னது அடிமான மாற்றம், அதாவது 2 அடிமானத்தில் லாக் 8; பின்னது வகுத்தல் விதி.

சமன்பாடு என்றால் இன்னும் ஒரு படி பாக்கி. லாக் எக்ஸ், கூட்டல் லாக் 'எக்ஸ் கழித்தல் 3', சமம் 1. லாக் 10-இன் மதிப்பு 1. ஆகவே சேர்த்துச் சுருக்கினால் எக்ஸ் வர்க்கம், கழித்தல் 3 எக்ஸ், சமம் 10. எக்ஸ்-க்கு 5, மைனஸ் 2 என இரண்டு மதிப்புகள் கிடைக்கும். மைனஸ் 2-ஐ முதல் வரியில் வைத்துப் பாருங்கள்: லாக் மைனஸ் 2. மெய்யெண்களில் அப்படி ஒன்று இல்லை. அதை அடித்துவிடுங்கள், எக்ஸ் சமம் 5.