நாய் குரைக்காத ராத்திரி | கபனாதுவான் முகாம் மீட்பு

வணக்கங்க. இன்னைக்கு ஒரே ஒரு ராத்திரியைப் பத்திதான் பேசப்போறேன். 1945, ஜனவரி 30. பிலிப்பைன்ஸ்ல லூசோன் தீவு, கபனாதுவான் ஊருக்குப் பக்கத்துல ஜப்பான் ராணுவத்தோட போர்க்கைதி முகாம். உள்ள 500 பேருக்கு மேல. முக்காவாசி அமெரிக்கக்காரங்க. 1942-ல இதே தீவுல பத்தான்ங்கிற இடத்துல ஜப்பான்கிட்ட சரணடைஞ்சு, சொட்டுத் தண்ணிக்குத் தவிச்சுக்கிட்டே நடந்தாங்களே, அந்த மரண நடையில பிழைச்சவங்க இதுல நிறைய பேர். தெம்பு இருந்தவங்களை வேலை வாங்க ஜப்பானுக்குக் கப்பல் ஏத்தியாச்சு. மிச்சம் இருந்தவங்க நோயாளிங்க, எலும்பும் தோலுமா.

இவங்களை உடனே மீட்டாகணும்னு அமெரிக்கப் படை முடிவு பண்ணுச்சு. ஏன் அவ்வளவு அவசரம்னா, 1944 டிசம்பர் 14-ல பலவான் தீவுல ஒரு கொடுமை நடந்துச்சு. கிட்டத்தட்ட 150 கைதிகளைப் பதுங்குகுழிக்குள்ள இறக்கி, பெட்ரோல் ஊத்திக் கொளுத்திட்டாங்க. 139 பேர் செத்தாங்க. தப்பின 11 பேர்ல ஒருத்தர் சொல்லித்தான் விஷயமே அமெரிக்கப் படைக்குத் தெரிஞ்சது. கபனாதுவான்லயும் இதேதான் நடக்கும்னு பயந்தாங்க.

மீட்கப் போனது ரேஞ்சர்னு சொல்ற அமெரிக்க அதிரடிப் படையில சுமார் 120 பேர். தலைமை ஹென்றி மூச்சி. முகாமுக்குள்ள புகுற திட்டம் ராபர்ட் பிரின்ஸ் போட்டது. எதிரி எல்லைக்குள்ள 50 கிலோமீட்டர் கிட்ட நடந்தே போனாங்க. ஆனா எனக்கு மனசுல நிக்கிறவர் வேற ஒருத்தர். ஹுவான் பஹோத்தா, பிலிப்பினோ கெரில்லாத் தலைவர்.

மூச்சி 29-ஆம் தேதியே அடிச்சிடணும்னு நின்னார். பஹோத்தா, "முகாம் பக்கமா ஜப்பான் துருப்புங்க நகர்ந்துட்டு இருக்கு, ஒரு நாள் பொறுங்க"ன்னார். பொறுத்தாங்க. அன்னைக்கே போயிருந்தா ஒருத்தர்கூடத் திரும்பியிருக்க மாட்டாங்கன்னுதான் நான் நினைக்கிறேன். விமானம் விட்டுக் காவல்காரங்க கண்ணை வானத்துப் பக்கம் திருப்பலாம்ங்கிறதும் அவர் யோசனைதான். முகாமைச் சுத்தி வெட்டவெளி, ஒதுங்க ஒரு புதர் கிடையாது. மேல விமானம் இன்ஜினை நிறுத்தி நிறுத்தி வட்டம் போடுது, கீழ வயல்ல இவங்க வயித்தால ஊர்ந்து போறாங்க.

அப்புறம் அந்த ஊர் ஜனங்க. ராத்திரி அத்தனை பேர் ஊருக்குள்ள நடந்தா நாய் சும்மா இருக்குமா? கெரில்லாக்கள் முன்னாடியே போய், நாய் வாயைக் கட்டி, கோழியைக் கூண்டுல அடைக்க வெச்சாங்க. ஒரு வீட்டுல ஒருத்தர் வாய் விட்டிருந்தாலும் அந்த ஊரே அழிஞ்சிருக்கும். யாரும் விடலை.

ராத்திரி ஏழே முக்கால் வாக்குல முதல் குண்டு. அரை மணி நேரத்துல முகாம் கையில. அதே நேரத்துல முகாமுக்குப் பக்கத்துல இருந்த காபு பாலத்துல பஹோத்தா ஆளுங்க, அந்தக் கரையில இருந்த பெரிய ஜப்பான் படையை இந்தப் பக்கம் வரவிடாம அடிச்சாங்க. அவர் ஆளுங்கள்ல ஒரு உயிர் போகலை. ரேஞ்சர்கள்ல ரெண்டு பேர் போயிட்டாங்க, ஒருத்தர் படையோட டாக்டர்.

உள்ள கைதிங்க நம்பவே இல்லைங்க. மூணு வருஷத்துல சீருடை மாறிடுச்சு, துப்பாக்கி மாறிடுச்சு. இதுவும் ஜப்பான்காரன் தந்திரம்னு சிலர் ஒளிஞ்சாங்க. இழுத்துட்டு வர வேண்டியதாப் போச்சு. நடக்க முடியாதவங்களை முதுகுல தூக்கினாங்க.

பம்பாங்கா ஆத்தங்கரையில எருமை வண்டிங்க காத்திருந்துச்சு. முதல்ல சுமார் 25 வண்டி. வழியில ஒவ்வொரு ஊர்லயும் ஜனங்க அவங்கவங்க வண்டியைப் பூட்டிக்கிட்டு வந்து சேர, நூறைத் தாண்டிடுச்சு. விவசாயிக்கு அந்த எருமைதானேங்க சொத்து! மணிக்கு மூணு கிலோமீட்டர் வேகத்துல, விடிய விடிய அந்த வரிசை நகருது. இதைப் படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரலை.

அப்புறம் பதக்கம் கொடுத்தாங்க. மூச்சிக்கும் பிரின்ஸுக்கும் உயர்ந்த வீர விருது, மத்த அமெரிக்க அதிகாரிங்களுக்கு வெள்ளி நட்சத்திரம். பிலிப்பினோ அதிகாரிங்களுக்கு வெண்கலம். பஹோத்தாவுக்கும் அதேதான். 1946-ல அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, தங்களுக்காகச் சண்டை போட்ட பிலிப்பினோ வீரர்கள்ல பெரும்பாலானவங்களோட சலுகைகளைப் பறிச்சிடுச்சு. 2009-லதான், உயிரோட மிஞ்சியிருந்தவங்களுக்கு ஒரே தவணையாப் பணம் கொடுக்கச் சட்டம் வந்துச்சு. அமெரிக்கக் குடியுரிமை இருந்தா 15,000 டாலர், இல்லேன்னா 9,000. அந்த ராத்திரி முடிஞ்சு 64 வருஷம் ஆயிருந்துச்சுங்க.